ஆயில் ஒழுகும் பழைய டிராக்டர்: கசிவைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும்

பழைய டிராக்டருக்கு அடியில் கறுப்புக் கறை தெரிந்ததும் பெரும்பாலோர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "ஆயில் சீல் போயிருச்சுங்க, மாத்திக் குடுத்துருங்க" என்று சொல்லிவிடுகிறார்கள். அவரும் சொட்டுக்கு அருகில் இருக்கும் சீலை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி சொட்டுகிறது. சீல் மட்டம் என்று கடைக்காரர் மீது பழி விழுகிறது. உண்மையில் அந்தச் சீலில் குறையே இருந்திருக்காது. சொட்டும் இடம் ஒன்று, கசியும் இடம் ஒன்று, கசிய வைக்கும் காரணம் இன்னொன்று. இந்த மூன்றையும் தனித்தனியாகத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

இந்த அத்தியாயத்துக்கு உதாரணமாக எடுத்துக்கொள்வது, தென்னந்தோப்புகளிலும் வாழை, மஞ்சள் தோட்டங்களிலும் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கும் பழைய மாஸி 1035. சென்னையில் 1960-இல் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் வண்டி; இங்கிலாந்தில் பிறந்த மாஸி 35 வழியில் வந்தது. மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின். கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் பொதுவாக ஒரே ஆயில். பழைய வண்டிகளில் டிரை பிரேக். உங்களிடம் இருப்பது வேறு கம்பெனி வண்டியாகவோ, இருபது குதிரைத்திறனுக்குள் அடங்கும் மினி டிராக்டராகவோ இருக்கலாம். உறுப்புகள் இருக்கும் இடமும் போல்ட் எண்ணிக்கையும் மாறுமே தவிர, கசிவைத் தேடும் முறை மாறாது.

வயதான வண்டி ஏன் ஒழுகுகிறது? ஆயில் சீலின் உதடு ரப்பர். வெப்பத்தில் வருடக்கணக்கில் வெந்து அது இறுகிவிடுகிறது. இறுகிய உதடு, சுற்றும் தண்டின் மீது படிந்து நிற்காது. தக்கை பேக்கிங் உலர்ந்து சுருங்குகிறது. அதிர்வில் போல்ட்டுகள் தளர்கின்றன. பேரிங் தேய்ந்து தண்டு ஆடுகிறது. இவற்றோடு, ஓட்டாமல் நிறுத்தி வைப்பதும் ஒரு காரணம். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் சீல் உதடு காய்ந்து தண்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் செய்த அன்றே கிழியும். வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒருமுறை இன்ஜின் நன்றாகச் சூடேறும் வரை வண்டியை ஓட்டிவிட்டு நிறுத்துவது, எந்த சீலை விடவும் மலிவான வைத்தியம்.

எந்த ஆயில் ஒழுகுகிறது?

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, அடியில் அகலமான அட்டைப் பெட்டியைப் பிரித்து விரியுங்கள். முன் சக்கரம், இன்ஜின், கிளட்ச் ஹவுசிங், பின் ஆக்ஸில் என்று அட்டையிலேயே பேனாவால் குறித்துவிடுங்கள். மறுநாள் காலையில் அட்டையே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

கறுப்பாக, கருகிய வாசனையோடு இருந்தால் இன்ஜின் ஆயில். மஞ்சளாகவோ தேன் நிறத்திலோ இருந்து விரலில் வழவழவென்று ஒட்டினால் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயில். பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் அதற்குள் தண்ணீர் புகுந்திருக்கிறது. விரலில் தேய்த்ததும் தண்ணீராக ஓடி டீசல் வாசனை அடித்தால், ஒன்று டீசல் லைன் ஒழுகுகிறது. அல்லது இன்ஜின் ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. இந்த இரண்டாவது விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆயில் ஒழுக்கு என்று நினைத்து நாம் தேடும்போது பலர் தவறவிடும் பெரிய ஆபத்து இதுதான்.

இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் ஃபீட் பம்ப்புக்குள் ஒரு டயாஃப்ரம் உண்டு. அது கிழிந்தால் டீசல் வெளியே வராது, நேராக சம்ப்புக்குள் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போகும். "நம்ம வண்டி ஆயிலே குடிக்கறதில்ல" என்று சந்தோஷப்படுகிறவர்களில் சிலருடைய வண்டி இந்த நிலையில்தான் இருக்கும். மெலிந்த ஆயில், அதுவரை ஒழுகாத இடங்களில் எல்லாம் ஒழுகத் தொடங்கும். கிராங்க் பேரிங்குக்குக் கிடைக்க வேண்டிய ஆயில் படலம் போய்விடும். அளவு மிஞ்சினால் அந்தக் கலவையையே இன்ஜின் உறிஞ்சி எரித்து, ஸ்டாப் கம்பியை இழுத்தாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே ஓடும் அபாயமும் உண்டு. ஆகவே டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் அன்றைக்கே வண்டியை நிறுத்துங்கள். சந்தேகத்தைத் தீர்க்க, டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டைச் செய்தித்தாளில் விட்டுச் சில மணி நேரம் வையுங்கள். நடுவில் கறுப்பு நின்று, அதைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் அகலமாகப் பரவினால் டீசல் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். பம்ப்பைச் சரிசெய்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே மற்ற ஒழுக்குகளைப் பாருங்கள். பாதி ஒழுக்கு அதோடு நின்றுவிட்டிருக்கும். ஃபீட் பம்ப் நன்றாக இருந்தால் அடுத்த சந்தேகம் டீசல் பம்ப்பின் தண்டு சீல். அதைப் பம்ப் சர்வீஸ் செய்யும் கடையில்தான் பார்க்க வேண்டும்.

கழுவாமல் தேடாதீர்கள்

பல வருட அழுக்கும் புழுதியும் ஆயிலோடு குழைந்து அப்பிக் கிடக்கும் இன்ஜினில் யாராலும் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. டீசலும் பிரஷ்ஷும் கொண்டு முன்னிருந்து பின்னாகத் தேய்த்து, பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய விடுங்கள். வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷனில் விட்டால் பிரீத்தர் வாயிலும், டிப்ஸ்டிக் துவாரத்திலும், ஆக்ஸில் சீல்களின் உதட்டிலும் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்லுங்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் உள்ளே போய்விடும்.

காய்ந்த இன்ஜின் மீது முகத்துக்குப் போடும் பவுடரையோ சாக்பீஸ் தூளையோ மெல்லத் தூவுங்கள். ஃபேன் பெல்ட், சைலன்ஸர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மெதுவான ஓட்டத்தில் பத்து நிமிடம் விட்டு, நிறுத்தி, டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு அரை மணி நேரம் சுமையோடு ஓட்டிவிட்டுப் பாருங்கள். கடைசியாக இரவு முழுக்க நிறுத்தி வைத்துக் காலையில் பாருங்கள். வெள்ளைத் தூளில் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் கசியும் இடம். ஆயில் மேலிருந்து கீழே இறங்கும்; ஃபேன் காற்றில் முன்னிருந்து பின்னே போகும். எனவே ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதையும், மிக முன்னால் இருப்பதையும்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

எப்போது ஒழுகுகிறது என்பதும் முக்கியம். ஓடும்போது மட்டும் ஒழுகினால் அழுத்தத்தோடு ஆயில் ஓடும் பாதை: பிரஷர் மீட்டர் குழாய், ஃபில்டர், வெளிக் குழாய்களின் முனைகள். நிறுத்திய பிறகும் நிதானமாகச் சொட்டிக்கொண்டே இருந்தால் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஏதோ ஒன்று: சம்ப் பேக்கிங், டிரெய்ன் பிளக். சூடேறிய பிறகு மட்டும் என்றால் பெரும்பாலும் இறுகிய சீல்.

ஐந்து விநாடிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேர உழவில் ஏறக்குறைய கால் லிட்டர் போய்விடும். வெயில் காலத்தில் நாள் முழுக்க உழும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் பிரஷர் முள் கீழே இறங்கும், கிராங்க் பேரிங் அடிவாங்கும். ஆனால் எல்லாக் கசிவுக்கும் வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. புழுதி ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்ப்பது வேறு, தரையில் சொட்டுவது வேறு. முதலாவதைத் துடைத்துவிட்டுக் கண்காணித்தால் போதும். பிரேக்கிலோ கிளட்ச்சிலோ போய்ச் சேரும் கசிவுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது.

சீலுக்கு முன் பிரீத்தரைப் பாருங்கள்

சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயுவில் கொஞ்சம் எப்போதும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அது வெளியேறுவதற்காகத்தான் இன்ஜினிலிருந்து கீழ்நோக்கி ஒரு குழாய் விட்டிருக்கிறார்கள். அதுதான் பிரீத்தர். அது அடைபட்டால் கிராங்க் அறைக்குள் அழுத்தம் ஏறி, இருப்பதில் பலவீனமான சீல் வழியாக ஆயிலைத் தள்ளும். அந்தச் சீலை மாற்றினால் அடுத்த பலவீனமான இடத்தில் தள்ளும். ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடங்களில் ஒழுகும் வண்டி கிடைத்தால் நான் சீல் பெட்டியைத் திறக்க மாட்டேன், பிரீத்தரைத்தான் கழற்றுவேன். கருகிய பிசின் அடைத்திருக்கும். கொட்டகையில் நாளாக நின்ற வண்டி என்றால் குளவி மண்கூடு கட்டியிருக்கும். டீசலில் ஊறவைத்து, கம்பி விட்டுக் குடைந்து, காற்றடித்து மாட்டுங்கள். செலவே இல்லாத வேலை.

பிரீத்தர் சுத்தமாக இருந்தும் அழுத்தம் இருந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. மெக்கானிக்குகள் இதை பேக் கம்ப்ரஷன் என்பார்கள். சோதிப்பது எளிது. இன்ஜின் சூடாக, மெதுவாக ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதைத் தலைகீழாகத் துவாரத்தின் மீது சும்மா வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. தூக்கித் தூக்கி அடித்து, புகை குபுகுபுவென்று வந்தால் இன்ஜின் வேலை பாக்கி இருக்கிறது. அந்த நிலையில் உள்ள வண்டிக்குச் சீல் மேல் சீலாக மாற்றுவது வீண் செலவு. ரீபோர் அல்லது லைனர், பிஸ்டன், ரிங் மாற்றும் வேலைக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள். எல்லாச் சீலையும் அந்தச் சமயத்தில் மொத்தமாக மாற்றிக்கொள்ளலாம். அதுவரை ஆயில் அளவைத் தினமும் பார்த்து ஓட்டுங்கள்.

ஆயில் அதிகமாக ஊற்றுவதும் இதே மாதிரி ஒழுக்கை உண்டாக்கும். "கொஞ்சம் கூடவே இருக்கட்டும்" என்று மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து, சமதரையில் பாருங்கள். கியர்பாக்ஸுக்கும் காற்று வெளியேற வழி உண்டு; உங்கள் மாடலில் அது எங்கே இருக்கிறது என்று மேனுவலில் பார்த்து, அதையும் சுத்தம் செய்யுங்கள்.

வீட்டிலேயே முடியும் வேலைகள்

டேப்பட் கவர். இன்ஜின் உச்சியில் இருப்பது, எனவே இங்கே கசியும் ஆயில் இன்ஜின் முழுவதையும் நனைத்துவிடும். பின் ஓரத்தில் கசிந்தால் பிளாக்கின் முதுகு வழியாக இறங்கி, கிளட்ச் ஹவுசிங் அடியில் போய்ச் சொட்டும். பார்ப்பவர்கள் பின் கிராங்க் சீல் போய்விட்டது என்று முடிவுகட்டி வண்டியையே பிரித்துவிடுவார்கள். ஒரு தக்கை பேக்கிங்கில் தீரும் விஷயம்.

பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது உளி வைத்து அடிக்காதீர்கள். மழுங்கின பிளேடு போதும். தூள் உள்ளே விழாமல் துணி அடைத்துக்கொள்ளுங்கள்; வேலை முடிந்ததும் அந்தத் துணியை எடுத்துவிட்டீர்களா என்று இரண்டு முறை பாருங்கள். கடையில் நாளாகக் கிடந்த தக்கை சுருங்கி, துவாரங்கள் போல்ட்டோடு பொருந்தாமல் இருக்கும். சிறிது நேரம் தண்ணீரில் போட்டால் பழைய அளவுக்கு வந்துவிடும். ஷெல்லாக்கோ அனபாண்டோ கவர் பக்கம் மட்டும் மெலிதாகத் தடவி ஒட்டுங்கள். ஹெட் பக்கம் துளி கிரீஸ் போதும். அடுத்த முறை டேப்பட் அட்ஜஸ்ட் செய்யக் கழற்றும்போது பேக்கிங் கிழியாமல் வரும். இறுக்குவதில்தான் பெரும்பாலோர் கெடுக்கிறார்கள். தக்கையைப் பலம் கொண்டு முறுக்கினால் பிதுங்கி வெடிக்கும், தகர மூடி வளையும். வளைந்த மூடிக்கு எந்தப் பேக்கிங்கும் நிற்காது. கைக்குத் தடை தெரிந்ததும் கால் சுற்று, அவ்வளவுதான். இன்ஜின் சூடேறி ஆறிய பிறகு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஆயில் ஃபில்டர். சர்வீஸ் செய்த மறுநாள் ஒழுகத் தொடங்கினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். பழைய ரப்பர் வளையம் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புது வளையத்தை வைத்திருப்பார்கள். ஊசியால் கிளறிப் பழையதை எடுங்கள். திருகி மாட்டும் வகை ஃபில்டர் என்றால் ரப்பரில் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதிலிருந்து கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

குழாய் முனைகளிலும் டிரெய்ன் பிளக்கிலும் இருக்கும் காப்பர் வாஷர், ஒருமுறை நசுங்கியதும் கடினமாகிவிடும். புதியது உடனே கிடைக்கவில்லை என்றால் பழையதைக் கம்பியில் கோத்து, கேஸ் அடுப்பில் சிவக்கச் சூடாக்கித் தண்ணீரில் போடுங்கள். செம்பு மறுபடி மிருதுவாகிவிடும். கறுத்த படலத்தை எமரித் தாளில் தேய்த்துவிட்டு மாட்டலாம். பிரஷர் மீட்டருக்குப் போகும் மெல்லிய குழாயைக் கிளிப் போட்டுக் கட்டி வையுங்கள். அதிர்வில் அது விரிசல் விட்டால் ஆயில் முழுவதும் பீய்ச்சி வெளியேற அதிக நேரம் பிடிக்காது.

எம்-சீல் பற்றி ஒரு வார்த்தை. வார்ப்பில் விழுந்த மயிரிழை விரிசலைத் தற்காலிகமாக மூட அது உதவும். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில், வெளியிலிருந்து அப்பி வைக்க அது உதவாது. உள்ளிருந்து வரும் ஆயில், அப்பிய இடத்தை விட்டு அடுத்த விரற்கடையில் வெளியே வரும். பிறகு முறையாகக் கழற்ற வருபவர் உளி வைத்துக் கொத்த வேண்டியிருக்கும். சிலிகானையும் அளவோடு போடுங்கள். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும். உள்ளேயும் அதே அளவு பிதுங்கியிருக்கும். அது உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைத்தால் இன்ஜினே போகும்.

சீல் மாற்றும் முறை

பழைய சீலின் முதுகில் மூன்று எண்கள் இருக்கும். 40, 62, 10 என்றிருந்தால் உள் விட்டம், வெளி விட்டம், கனம், எல்லாம் மி.மீ. கணக்கு. எண் அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்துகொண்டு போங்கள். புதிதாக வாங்கும் சீலின் உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் கடையிலேயே வயதானது. கறுப்பு நிறத்தில் பொதுவாக வருவது நைட்ரைல் ரப்பர். கிராங்க் போன்ற சூடான இடத்துக்கு விட்டான் ரப்பர் கிடைத்தால் விலை கூடினாலும் வாங்குங்கள். அதிக வெப்பத்தைத் தாங்கும்.

பழைய சீலைக் கழற்றியதும் புதியதை அடிக்க அவசரப்படாமல் தண்டைத் துடைத்து, அதன் மீது நகத்தை ஓட்டிப் பாருங்கள். உதடு உரசிய இடத்தில் வளையமாகப் பள்ளம் விழுந்திருக்கும். நகம் அதில் மாட்டினால் புதுச் சீலும் அங்கே நிற்காது. இடம் இருந்தால் சீலை இரண்டு மி.மீ. உள்ளே தள்ளியோ, வெளியே விட்டோ பொருத்தி, உதடு புதிய பரப்பில் உட்காரும்படி செய்யலாம். இல்லையென்றால் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் ஏற்றுவது, அல்லது லேத்தில் கொடுத்துச் சரிசெய்வது. பிறகு தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். கைக்குத் தெரியும் ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கிறது. பேரிங்கை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றாதீர்கள்.

ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் இருக்கும் பக்கத்தைப் பார்க்க வேண்டும். உதட்டில் கிரீஸ் தடவுங்கள். சாவிப் பள்ளமோ ஸ்ப்ளைன் பல்லோ உள்ள தண்டு என்றால் அதன் மீது வழவழப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, சீலை அதன் மேல் நழுவ விடுங்கள், உதடு கீறாது. சுத்தியலால் ஒரு ஓரத்தில் அடித்தால் சீல் சாய்ந்துவிடும். அதே விட்டமுள்ள பழைய பேரிங் வளையத்தை மேலே வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

பின்னால் பி.டி.ஓ. தண்டின் சீல், முன்னால் டைமிங் கவரில் உள்ள கிராங்க் சீல் இரண்டுக்கும் இந்த முறைதான். பி.டி.ஓ. சீலுக்கு ஆயிலை இறக்கிவிட்டு, பின்னால் உள்ள மூடியைக் கழற்றினால் வேலை முடியும். தோட்டத்தில் இந்தச் சீல் கெடுவதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, நைலான் கயிறு, மூடாக்குத் தாள் போன்றவை தண்டில் சுற்றி, சீலுக்குள் இறங்கி உதட்டை அறுத்துவிடும். ரோட்டவேட்டர் ஓட்டிய பிறகு ஒருமுறை குனிந்து பார்த்து வெட்டி எடுத்துவிடுங்கள். முன் கிராங்க் சீலுக்கு ரேடியேட்டர், ஃபேன், புல்லி எல்லாம் கழற்ற வேண்டும். ஒரு நாள் வேலை. புல்லியின் கழுத்தில் பள்ளம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கிளட்ச் ஹவுசிங்கில் சொட்டினால்

இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு சிறு துவாரமும், அதில் தொங்கும் ஒரு ஸ்பிளிட் பின்னும் இருக்கும். துவாரம் சேற்றில் அடைபடாமல் இருக்கத்தான் அந்தப் பின். தொலைந்திருந்தால் புதிதாக மாட்டுங்கள். அடைபட்டால் உள்ளே சேரும் ஆயில் கிளட்ச் பிளேட்டை நனைத்துவிடும். அதன் வழியே சொட்டுவது கறுப்பு ஆயில் என்றால் பின் கிராங்க் சீல். தேன் நிறம் என்றால் கியர்பாக்ஸின் இன்புட் தண்டு சீல். இரண்டுக்கும் வண்டியை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அதனால்தான் டேப்பட் கவரையும் பிரீத்தரையும் முதலில் பார்க்கச் சொன்னேன்.

பிரிப்பது பழக்கம் இல்லாதவர் செய்யும் வேலை அல்ல. முன் ஆக்ஸில் நடுவில் ஒரே பின்னில் ஆடும்படி அமைந்தது. கியர்பாக்ஸிலிருந்து கழன்ற இன்ஜின் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஆக்ஸிலுக்கும் அதைத் தாங்கும் பாகத்துக்கும் இடையில் இருபுறமும் மர ஆப்பு அடிக்காமல் ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்தக் கூடாது. செங்கல், ஹாலோ பிளாக் மீது வண்டியை நிறுத்தாதீர்கள், சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். பல டிராக்டர்களில் சம்ப் கனமான வார்ப்பாக இருந்து வண்டியின் பாரத்தையும் தாங்குகிறது. அதைக் கழற்றுவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பழைய பெர்கின்ஸ் வழி இன்ஜின்களில் பின் கிராங்க் சீல் ரப்பராக இல்லாமல், இரண்டு அரைவட்ட ஹவுசிங்குக்குள் பொதிந்த கயிறாக இருக்கும். கயிற்றை ஆயிலில் ஊறவைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருளைக் கட்டையால் அழுத்திப் பதித்து, இரு முனைகளும் கால் முதல் அரை மி.மீ. வரை வெளியே நிற்கும்படி வெட்ட வேண்டும். அந்த மிச்சம்தான் இரண்டு பாதிகளும் சேரும்போது நெருக்கிக்கொண்டு கசிவைத் தடுக்கிறது. மட்டமாக வெட்டினால் இணைப்பில் ஒழுகும். அனுபவமுள்ள மூத்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். அவர் அவசரப்படாமல் செய்ய நேரமும் கொடுங்கள்.

வண்டியைப் பிரித்துவிட்டால் கிளட்ச் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், இரண்டு பக்கச் சீல் எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகம் உள்ளதை அப்போதே மாற்றிவிடுங்கள். சாமான் விலையைவிடப் பிரித்துச் சேர்க்கும் கூலி பெரிது.

பின் ஆக்ஸில்: தள்ளிப்போடக் கூடாதது

பின் சக்கரத்தின் உட்பக்கம் ஆயில் வழிந்த தடம் தெரிந்தால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். டிரை பிரேக் வண்டியில் ஆக்ஸில் சீல் கசிந்தால் ஆயில் நேராக பிரேக் டிரம்முக்குள் போகும். ஒரு பக்கம் பிரேக் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும். இரண்டு பெடலையும் பூட்டிச் சாலையில் டிரெய்லரோடு வரும்போது பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும். ஆயில் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ தீயில் காட்டியோ மறுபடி மாட்டுவது உயிரோடு விளையாடுவது. சூடேறும்போது உள்ளிருந்து ஆயில் மறுபடி வெளியே வரும். புது லைனிங் போடுங்கள், இரண்டு பக்கமும்.

தொழி உழுத வண்டியில் இந்தச் சீல் சீக்கிரம் போகும். கேஜ் வீல் போட்டுச் சேற்றில் இறங்கும்போது, மணலும் சேறும் சீல் உதட்டைத் தேய்க்கின்றன, தண்ணீர் உள்ளே புகுகிறது. நெல் வயலில் உழைத்த வண்டியைத் தோட்டத்துக்காக வாங்குகிறவர்கள் விலை பேசும் முன் இரண்டு பின் சக்கரங்களின் உட்புறத்தையும், கியர்பாக்ஸ் ஆயிலின் நிறத்தையும் பார்க்க வேண்டும். மாஸியில் ஆக்ஸில் பேரிங்கைப் பிடித்திருக்கும் காலர் மிக இறுக்கமாக ஏற்றப்பட்டது. அதைக் கழற்றவும் ஏற்றவும் பிரஸ் வசதி உள்ள பட்டறை வேண்டும். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி வைப்பது வரை நீங்கள் செய்யலாம். ஷிம் தகடுகள் வந்தால் எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதி, கம்பியில் கோத்து வையுங்கள்.

ஹைட்ராலிக் விஷயத்தில் ஒன்று. மாஸியில் பம்ப் ஆயிலுக்குள்ளேயே முழுகிக் கிடப்பதால் அதன் கசிவு வெளியே தெரியாது. தூக்கிய கலப்பை தானாகவே இறங்கினால் கசிவு உள்ளே நடக்கிறது என்று அர்த்தம். வெளியே தெரிவது லிஃப்ட் கைகள் மாட்டியிருக்கும் தண்டின் இரு முனைகளிலும், டிப்பர் குழாய் இணைப்பிலும். அந்தக் குழாயில் ஊசித் துவாரம் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்காதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். காயம் எறும்பு கடித்த அளவுதான் தெரியும், ஆனால் உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். டீசல் இன்ஜெக்டர் குழாய்களுக்கும் இது பொருந்தும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இறக்கிய ஆயிலை என்ன செய்வது?

இந்த வேலைகள் முடியும்போது பல லிட்டர் பழைய ஆயில் கையில் நிற்கும். அதை வேலிக் கல்காலில் பூசுவதும், கரையானுக்கு ஊற்றுவதும், வாய்க்கால் ஓரம் கொட்டுவதும் ஊர் வழக்கமாக இருக்கிறது. ஓடிய இன்ஜின் ஆயிலில் உலோகத் துகளும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களும் உண்டு. தென்னை வட்டப்பாத்தியில் ஊற்றினால் அதே மண்ணிலிருந்துதான் இளநீர் குடிக்கிறோம், கிணற்றுக்கு நீர் இறங்குவதும் அதே மண் வழியாகத்தான். கையுறை போட்டு வேலை செய்யுங்கள். வண்டி நிற்கும் இடத்தில் தென்னை நார்த்தூளைப் பரப்பி வைத்தால் சொட்டும் ஆயிலை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். அந்தத் தூளை எருக்குழியில் சேர்க்காதீர்கள். இறக்கிய ஆயிலைப் பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி, மூடி, நிழலில் வையுங்கள். தண்ணீரோ டீசலோ கலக்காத பழைய ஆயிலைச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு அனுப்புவதற்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் கேட்டு, அவர்கள் வண்டி வரும் நாளில் கேனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.